சமாதானம் செய்பவரின் நாவு

கணவன் மனைவியரிடையே பிளவு ஏற்படுமென்று நீங்கள் அஞ்சினால், அவன் குடும்பத்தாரிலிருந்து ஒரு நடுவரையும் அவள் குடும்பத்தாரிலிருந்து ஒரு நடுவரையும் அனுப்புங்கள் என்ற கருத்தில் அல்லாஹுத் தஆலா தன் திருமறையின் நிஸா அத்தியாயம் 35ஆவது வசனத்தில் கட்டளையிட்டிருக்கிறான். நிக்காஹ் மஜ்லிஸ்களிலும் ஜும்ஆ பயான்களிலும் இவ்வசனத்தை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதிலுள்ள ஒரு சொல்லை நாம் கவனிப்பதில்லை. பிளவு ஏற்பட்ட பின் அனுப்புங்கள் என்று அங்கே இல்லை. பிளவை அஞ்சும்போதே அனுப்ப வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? பெண் தாய்வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகி, நகைக்கும் சீருக்கும் கணக்குப் பார்த்து முடிந்து, வக்கீல் நோட்டீசும் வந்து சேர்ந்த பிறகுதான், "ஜமாஅத்தில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்போமே" என்கிறார்கள்.

அதே வசனத்தில், அவ்விருவரும் சமாதானத்தை நாடினால் அல்லாஹ் தம்பதியரிடையே இணக்கத்தை உண்டாக்குவான் என்றும் வருகிறது. 'அவ்விருவரும்' என்பது நடுவர்களையே குறிக்கும் என்று முஃபஸ்ஸிர்களில் பலர் விளக்கம் தருகிறார்கள். ஆகவே நிய்யத்து முதலில் நடுவரிடம் இருக்க வேண்டும். இதில் கருத்து வேற்றுமை இல்லை. எனினும் நிய்யத்து சுத்தமாக இருந்தும் பேச்சு கெட்டதால் முறிந்துபோன சமரசங்கள் எத்தனை! அந்தப் பேச்சைப் பற்றித்தான் இங்கு எழுத முற்பட்டிருக்கிறோம்.

முதலில் செவி, பிறகுதான் நாவு. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை எமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பும்போது, இருவர் வழக்கு கொண்டு வந்தால் முதலாமவர் சொன்னதைக் கேட்டது போலவே மற்றவர் சொல்வதையும் கேட்காத வரை தீர்ப்பளிக்க வேண்டாமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுரை கூறியனுப்பினார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவான செய்தி இது. இளமையும் அனுபவக் குறைவும் தமக்கிருப்பதாகத் தயங்கிய அலீ (ரலி) அவர்களுக்கு அன்று கிடைத்த பாடமே அதுதான்.

நம் காஞ்சி நகரத்துத் தொழிலை வைத்தே ஒன்று சொல்லலாம். நெசவாளர் ஒருவர் வந்து, "பத்து நாளைக்கு மேல் உட்கார்ந்து நெய்த சேலைக்குக் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார் முதலாளி" என்று கண் கலங்குகிறார். கேட்டதும் நம் உள்ளம் கொதிக்கிறது. முதலாளியைக் கூப்பிட்டால் அவர் அந்தச் சேலையையே எடுத்து வந்து விரிக்கிறார். கரையும் உடலும் சேருமிடத்தில் பழுது, கடைக்காரர் திருப்பியனுப்பிவிட்டார். அதோடு முடிந்ததா? மீண்டும் நெசவாளரைக் கேட்டால், "கொடுத்த பட்டே சரியில்லை, இழை அறுந்துகொண்டே இருந்தது, அன்றைக்கே சொன்னேன்" என்கிறார். மூன்று முறை கேட்ட பின்புதான் விஷயம் நம் கைக்கு வருகிறது. முதல் முறையே வாயைத் திறந்து, "பாவப்பட்டவன் வயிற்றில் அடிக்கலாமா?" என்று முதலாளியிடம் கேட்டிருந்தால், அவர் சேலையை விரித்துக் காட்டியே இருக்க மாட்டார்.

இவ்வாறு இரு தரப்பையும் கேட்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் ஜமாஅத்துகளிலும் ஒரு குரல் மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அது பெண்ணின் குரல். அவளுக்காக அத்தா பேசுவார், அண்ணன் பேசுவான், தாய்மாமன் மேசையைத் தட்டிப் பேசுவார். அவள் திரைக்குப் பின்னாலோ வீட்டு அடுப்படியிலோ இருப்பாள். முடிவில், "பொண்ணுக்குச் சம்மதம்தான், ஹஜ்ரத்" என்று ஒருவர் சொல்ல, ஃபாத்திஹா ஓதிக் கலைந்து விடுவார்கள். அவளுக்கு உண்மையில் எது மனக்குறை என்பதை அந்த மஜ்லிசில் ஒருவரும் அறிந்திருக்க மாட்டார்கள். நகை போனதற்காக அவள் வந்தாளா, கை ஓங்கியதற்காக வந்தாளா, மாமியார் வீட்டில் தன் பெற்றோரைப் பழித்த ஒரு சொல்லுக்காக வந்தாளா? அத்தா கேட்பது நகை. அவள் அழுவது அந்தச் சொல்லுக்காக என்றால், நகையைத் திருப்பி வாங்கிக் கொடுத்து என்ன பயன்? மஹ்ரமான ஒருவரை உடன் வைத்துக்கொண்டோ, விவரமறிந்த பெண்மணி ஒருவரை அனுப்பியோ அவள் வாயால் கேட்பதற்கு ஷரீஅத்தில் எந்தத் தடையும் இல்லை. ஹுதைபிய்யாவில் ஸஹாபாப் பெருமக்கள் மனம் உடைந்து எழாமல் இருந்தபோது, வெளியே சென்று ஒருவரிடமும் பேசாமல் தங்கள் குர்பானியை நிறைவேற்றித் தலைமுடியைக் களையுங்கள் என்று ஆலோசனை சொன்னவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள்தாமே? அந்த ஆலோசனையை நபியவர்கள் ஏற்றுச் செயல்படுத்தியதும் எல்லோரும் எழுந்தார்கள்.

இன்னொன்றையும் தெளிவாகவே எழுதிவிடுகிறோம். அடிபட்டு வந்த பெண்ணிடம் "பொறுத்துப் போம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்குச் சுல்ஹு என்று பெயரில்லை. உயிருக்கும் உடலுக்கும் ஆபத்திருக்கும் இடத்தில் முதல் வேலை அவளுக்குப் பாதுகாப்புத் தேடுவது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் உரியது என்பதை ஜமாஅத்தார் தெரிந்துகொண்டு அவளிடம் சொல்லவும் வேண்டும்.

பரீரா (ரலி) அவர்களுடைய செய்தியை இந்த இடத்தில் நினைவூட்ட விரும்புகிறோம். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பெண்மணி அவர். விடுதலையானதும், கணவர் முகீதுடன் வாழ்வதா பிரிவதா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிவைத் தேர்ந்துகொண்டார். முகீது (ரலி) மதீனாவின் தெருக்களில், கண்ணீர் தாடியை நனைக்க, அவர் பின்னாலேயே நடந்தார். அந்தக் காட்சியைக் கண்டு மனமிரங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பிச் செல்லலாகாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். அவர் உடனே, இது தங்கள் கட்டளையா என்று வினவினார். இல்லை, நான் பரிந்துரைக்கவே செய்கிறேன் என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா (ரலி) கூறிவிட்டார். ஸஹீஹுல் புகாரீயில் உள்ள இச்செய்தியைச் சற்று நிதானித்துப் பாருங்கள்! அல்லாஹ்வின் தூதரே பரிந்து கேட்கிறார்கள். ஒரு சாமானியப் பெண் மறுக்கிறாள். அவர்கள் கோபிக்கவில்லை; "என் பேச்சுக்கு மரியாதை இல்லையா?" என்று கேட்கவில்லை. நம் முத்தவல்லிமார்களில் ஒருவர் சொன்னதை இப்படி ஒரு பெண் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியுமா?

மத்தியஸ்தம் பேச உட்காருபவர், தாம் பேசுவது ஆலோசனையா தீர்ப்பா என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை. நாட்டுச் சட்டமும் இன்று அதையே சொல்கிறது. ஃபத்வாக்களுக்கும் தாருல் கழாக்களின் முடிவுகளுக்கும் சட்டத்தின் பலம் கிடையாது, விரும்பியவர் ஏற்கலாம், எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. வழிபாட்டுத் தலங்களில் நீதிமன்றம் போன்ற அமைப்புகள் நடக்க விடக் கூடாது என்று 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இவற்றைக் கேட்டு நம்மில் சிலர் மனம் வருந்தினார்கள். வருந்த என்ன இருக்கிறது? பரிந்துரைக்கும் வாசல் மூடப்படவில்லையே! அதிகாரத்தோடு அதட்டும் வாசல்தான் மூடப்பட்டது.

இனி, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டு செல்லும் கலைக்கு வருவோம். நடுவரின் வேலையில் முக்கால் பங்கு இதுதான். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நடந்ததை, உடன்படிக்கையின் ஷரத்துகளோடு மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். அதற்கு முன்னால் இடையில் போய் வந்தவர்களைக் கவனிப்பதில்லை. முதலில் வந்தவர் குஸாஆ கூட்டத்தைச் சேர்ந்த புதைல் இப்னு வர்கா. குறைஷிகள் போருக்குத் தயாராகத் தண்ணீர்த் துறைகளில் இறங்கியிருக்கும் செய்தியை அவர் நபியவர்களிடம் சொன்னார். நாங்கள் போரிட வரவில்லை, உம்ராச் செய்ய வந்திருக்கிறோம், அவர்கள் விரும்பினால் ஒரு தவணைக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், மறுத்தால் இந்தக் காரியத்துக்காகப் போரிடவும் தயங்க மாட்டேன் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள்.

புதைல் நேரே குறைஷிகளிடம் சென்றார். சென்றவர் எடுத்த எடுப்பில் கொட்டிவிடவில்லை. அந்த மனிதரிடமிருந்து வருகிறோம், அவர் ஒன்று சொல்லக் கேட்டோம், நீங்கள் விரும்பினால் எடுத்துச் சொல்கிறோம் என்று முதலில் அனுமதி கேட்டார். அவர்களில் முதிர்ச்சியற்றவர்கள், எங்களுக்கு எதுவும் கேட்க வேண்டாம் என்று கத்தினார்கள். விவேகமுள்ளவர்கள், நீர் கேட்டதைச் சொல்லும் என்றார்கள். அதன் பிறகே, கேட்டதைக் கேட்டபடி சொன்னார். கூட்டத்தில் கேட்கத் தயாராக உள்ளவர் யார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வீட்டுக்குச் சமாதானம் பேசச் செல்பவரும், "உங்கள் சம்பந்தி சொன்னதைச் சொல்லட்டுமா? கேட்கிற மனநிலையில் இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தால், வேண்டாம் என்று கத்தும் மச்சானும், "சொல்லட்டும், கேட்போம்" என்னும் பெரியவரும் தாமாகப் பிரிந்து தெரிவார்கள்.

அடுத்து வந்த உர்வா இப்னு மஸ்ஊத் குறைஷிகளின் பக்கத்திலிருந்தே வந்தவர். பேச்சில் கடுமையும் இருந்தது. ஆனால் திரும்பிப் போய்ச் சொன்னதில் கலப்படமில்லை. கைஸர், கிஸ்ரா, நஜாஷீ ஆகிய மன்னர்களின் சபைகளுக்கெல்லாம் சென்றிருக்கிறேன், முஹம்மதின் தோழர்கள் அவரைக் கண்ணியப்படுத்துவது போல் எந்த மன்னரையும் அவர் ஆட்கள் கண்ணியப்படுத்தக் காணவில்லை, அவர் கூறுவது நல்ல யோசனை, ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். தம் தரப்புக்குக் கசக்கும் என்பதற்காகக் கண்டதை மறைக்கவில்லை.

பின்னர் ஸுஹைல் இப்னு அம்ர் வந்து ஒப்பந்தம் எழுதும்போது, அர்ரஹ்மான் என்பதை நாங்கள் அறியோம் என்றார். ரஸூலுல்லாஹ் என்ற சொல்லையும் எழுதக் கூடாதென்றார். அதை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த இடத்தைக் காட்டச் சொல்லித் தம் கரத்தாலேயே அழித்து, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது என்று எழுதச் செய்தார்கள். ஏட்டில் அழிந்தது சொல், ரிஸாலத்து அழியவில்லை. 'மன்னிப்பு' என்று எழுதினால்தான் கையொப்பமிடுவேன் என்று ஒரு தரப்பும், 'வருத்தம்' என்றே எழுத வேண்டுமென்று மறு தரப்பும் மூன்று மாதம் மல்லுக்கு நிற்கும் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்வோரில்லை.

இப்பொழுது நம் காஞ்சிபுரத்தின் பெயரோடு சேர்ந்து வரலாற்றில் பதிந்துவிட்ட ஒரு சமாதான முயற்சிக்கு வருவோம். இவ்வூரில் சங்கர மடத்தை அடுத்தே பள்ளிவாசல் இருப்பதை இங்கு வந்து போகிறவர்கள் அறிவார்கள். அந்த மடத்தின் தலைவராக இருந்து 2018இல் காலமான ஜயேந்திர சரஸ்வதி சுவாமிகள், பாபரி மஸ்ஜித் பிரச்சினையில் சமரசம் பேச 2002லும் 2003லும் முன்வந்தார்கள். 2003 ஜூன் மாதம் அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியத்தின் தலைவர் மௌலானா ராபிஉ ஹஸனீ நத்வீ அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வாரியம் கதவை அடைத்துவிடவில்லை. சில விளக்கங்களைக் கேட்டது. நாடே எதிர்பார்ப்போடு பார்த்துக்கொண்டிருந்தது. ஜூலைத் தொடக்கத்தில் வந்த இரண்டாவது கடிதத்தில், அயோத்தியோடு காசியும் மதுராவும்கூட இன்றில்லாவிட்டாலும் ஒரு நாள் ஒப்படைக்கப்பட வேண்டியவையே, அதற்கு முஸ்லிம்கள் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. ஜூலை 6ஆம் தேதி லக்னோவில் கூடிய வாரியம் அந்த யோசனையை ஏற்க மறுத்துவிட்டது.

அந்தப் பெரியவரின் நோக்கத்தை அளப்பது நம் வேலையன்று. உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ். நாம் பார்ப்பது பேச்சின் முறையை மட்டுமே. பேசப்பட்டது ஓரிடம். அந்த ஓரிடத்துக்கே தீர்வு காணாதபோது, கேட்கப்படாத இரண்டு இடங்களைப் பற்றிய தம் விருப்பத்தை நடுவராக வந்தவர் சேர்த்துச் சொன்னார். சொன்ன மாத்திரத்தில் நடுவர் என்ற இடம் போய், ஒரு தரப்பின் வழக்குரைஞர் ஆகிவிட்டார். புதைல் எதைச் சேர்த்தார்? ஒன்றையும் சேர்க்கவில்லை. இதைப் படித்துவிட்டு மற்றவர் குறையென்று நாம் தள்ளிவிட வேண்டாம். மருமகளைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பேசப் போன இடத்தில், "அப்படியே அந்தத் தெருக்கோடி மனையையும் மாப்பிள்ளை பேருக்கு எழுதிவிட்டால் நாளைக்குத் தொல்லை இல்லை பாருங்கள்" என்று வாய் தவறாமல் சொல்லும் பெரியவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள்.

அதே வழக்கில் 2019 மார்ச் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மூவர் குழுவை நியமித்தபோது, மூவருமே தமிழகத்தோடு தொடர்புள்ளவர்களாக அமைந்தனர்: காரைக்குடியில் பிறந்த நீதியரசர் கலீஃபுல்லாஹ், பாபநாசத்தில் பிறந்த ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர், சென்னை வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு. இவர்களில் ஒருவர் இவ்விவகாரத்தில் முன்பே தம் கருத்தை வெளியில் பேசியவர் என்ற ஆட்சேபணை எழுந்தது. எழாமல் இருக்குமா? நேற்று மேடையில் பேசிய நாவை இன்று நடுவர் நாற்காலி வந்து கழுவிவிடாது. பேச்சுவார்த்தை ஃபைஸாபாத்தில் நடந்தது. உள்ளே பேசுவது வெளியே வரக் கூடாதென்று நீதிமன்றம் கூறியிருந்தது. ஆகஸ்ட் 2ஆம் தேதி, உடன்பாடு ஏற்படவில்லை என்று நீதிமன்றமே அறிவித்தது. பிறகு அக்டோபரில் விசாரணை முடியும் தறுவாயில் சில தரப்பாரின் இணக்கம் பற்றிய செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்தது. முஸ்லிம் தரப்பில் மற்றவர்கள் அதிர்ச்சி தெரிவித்து, தங்களுக்கு அது உடன்பாடில்லை என்று அறிக்கை விட்டார்கள். நவம்பர் 9ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அத்தீர்ப்பைப் பற்றி எழுத இது இடமன்று.

ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால் அப்பேச்சு அமானிதம் என்ற கருத்தில் திர்மிதீயில் ஹதீது உண்டு. "இதை வெளியில் சொல்லாதீர்கள்" என்று அவர் வாயால் கேட்க வேண்டியதுகூட இல்லை. திரும்பிப் பார்த்தாலே போதும்! இன்று திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. மஜ்லிஸ் கலையும் முன்பே குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஜமாஅத் அறைக்குள் வருமுன் எல்லாருடைய கைபேசியையும் வெளியில் ஒரு தட்டில் வைக்கச் சொல்வது நல்ல ஏற்பாடு. நடுவரின் கைபேசியும் அதில் சேர்ந்தே இருக்கட்டும்.

இவ்வளவு சொன்ன பின் ஒரு கேள்வி எழும். கேட்டதைக் கேட்டபடி சொல்வதென்றால், "அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன்" என்று அவள் சொன்னதையும் அவனிடம் சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. மக்களிடையே இணக்கம் உண்டாக்க நல்லதை எடுத்துச் சொல்பவர் பொய்யரல்லர் என்ற கருத்தில், உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரீயிலும் முஸ்லிமிலும் ஹதீது வந்திருக்கிறது. இதில் உலமாக்களிடையே இரு கருத்துண்டு. தேவைப்பட்டால் வெளிப்படையாகவே கூட்டிச் சொல்லலாம் என்போர் ஒரு சாரார். இரு பொருள்படும் வார்த்தைகளால் மட்டுமே சொல்லலாம் என்போர் மறு சாரார். எவ்வாறாயினும் எல்லை ஒன்று உண்டு என்பதே நமது கருத்து. கோபத்தில் வந்த சொல்லை விட்டுவிடலாம். அழுகையினூடே "அவர் நல்லவர்தான்" என்று அவள் சொன்ன ஒரு வார்த்தையை எடுத்துப் போய்ச் சேர்க்கலாம். ஆனால் மஹர், ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது, தனிக்குடித்தனம் ஆகியவற்றில் ஓர் எழுத்தும் கூடக் கூடாது, குறையவும் கூடாது. "தனி வீடு பார்க்கச் சம்மதித்துவிட்டான்" என்று அவன் சொல்லாததைச் சொல்லிப் பெண்ணை அழைத்துப் போனால், ஒரு வாரத்தில் அவள் திரும்பி வருவாள். அடுத்த முறை நடுவரை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

எவ்வளவு பேசுவது என்பதற்கும் முன்மாதிரி உண்டு. கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) தர வேண்டிய கடன் பற்றிப் பள்ளிவாசலில் இருவரின் குரலும் உயர்ந்தது. நபியவர்கள் தம் அறையின் திரையை விலக்கிக்கொண்டு வந்து, கஅபே என்று அழைத்து, பாதியைத் தள்ளிவிடும்படி சைகை காட்டினார்கள். அவர் ஒப்புக்கொண்டதும், மற்றவரை நோக்கி எழுந்து சென்று கடனைச் செலுத்தும்படி கூறினார்கள். ஒரு சைகை, சில சொற்கள். கொடுத்தவரிடம் தளர்வு கேட்டவர்கள், வாங்கியவரிடம் தாமதமின்மையைக் கேட்டார்கள். நம்மவர்கள் கொடுத்தவரிடம் மட்டும் "அல்லாஹ்வுக்காக விட்டுக் கொடுங்கள், பாய்" என்பார்கள். மீதிப் பாதி எப்போது வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்றொரு வேலைப்பாடு உண்டு. கரைக்கொரு நிறம், உடலுக்கொரு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். உதவிக்கு இன்னொருவர் பக்கத்தில் இருப்பார். இரு நிறமும் தத்தம் நிறமாகவே இருந்து, சேருமிடத்தில் ஒன்றையொன்று பிணைத்துக்கொள்ளும். நல்ல உடன்பாடும் அப்படித்தான் அமைகிறது. மாமியாரை மருமகள் போலவோ, மருமகளை மாமியார் போலவோ மாற்றிவிட நடுவர் பாடுபட வேண்டியதில்லை. சேருமிடம் எதுவென்று பார்த்தால் போதும்.

முடிவானதை எழுதிக்கொள்ள வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் நம் எல்லோருக்கும் தெரியும். எழுதும்போது "ஒற்றுமையாக வாழ்வது" என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு, யார் கையில்; தாய்வீட்டுக்கு எப்போது; பிள்ளையின் பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். உர்தூ பேசும் குடும்பமும் தமிழ் பேசும் குடும்பமும் சம்பந்தம் செய்துகொள்ளும் நம் வடதமிழகத்து ஊர்களில், எழுதியதை இரு மொழியிலும் உரக்க வாசித்துக் காட்டுவது அவசியம். வாசித்த பின், "இதில் எந்த வரி உங்களுக்கு நெருடுகிறது?" என்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே கேட்க வேண்டும். கையொப்பத்தை அன்றே வாங்கியாக வேண்டுமென்ற அவசரமும் வேண்டாம். ஓரிரவு வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் அஸருக்குப் பின் இட்டுத் தரட்டும்.